திருட்டு முழியும் பொய்யும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று உடல்மொழியை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி என ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கண்ணைப் பார்த்துப் பேசாதவர், மூக்கைத் தொடுகிறவர், கையைக் கட்டிக்கொள்கிறவர், காலை ஆட்டுகிறவர், பதில் சொல்லும்போது மேலே வலப்பக்கம் பார்க்கிறவர் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று படத்தோடு விளக்கம். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிற ஆள், இந்த மாதிரிக் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கண் விஷயம். பொய் சொல்கிறவரை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று 75 நாடுகளில் கேட்டுப் பார்த்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொழி, மதம், கண்டம் எல்லாம் தாண்டி மக்கள் அதிகமாகச் சொன்ன பதில் ஒன்றுதான்: கண்ணைப் பார்க்க மாட்டார். உலகமே ஒரே குரலில் சொல்கிறதே, உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் பெல்லா டிபாலோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அதற்கு முன்பே, 2003-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 158 அறிகுறிகளைச் சலித்துப் பார்த்துவிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை, இருந்த சிலவும் மிக மெல்லியவை. பார்வையை விலக்குவது அந்த ஒன்றுக்கும் உதவாத பட்டியலில்தான் இருக்கிறது. யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கண்ணைப் பார்க்காவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது பொய் சொல்கிறவருக்கும் தெரியும்தானே, அவர் கூசாமல் நேராகப் பார்த்துக்கொண்டே சொல்வார். மேலே வலப்பக்கம் பார்ப்பது என்பதையும் 2012-இல் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் தனியாகச் சோதித்தார்கள், ஒன்றும் தேறவில்லை.

சரி, ஒவ்வொரு அறிகுறியாக வேண்டாம், மொத்தமாக ஆளைப் பார்த்தால் தெரியாதா? இதற்கும் கணக்கு இருக்கிறது. 24,000-க்கும் அதிகமானவர்கள் உண்மை எது பொய் எது என்று பிரித்துச் சொன்ன முடிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டு பூவா தலையா பார்த்தாலே 50 வந்துவிடும். பயிற்சி எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். 1999-இல் கேசின், ஃபோங் என்ற இருவர், விசாரணை அதிகாரிகளுக்குச் சொல்லித்தரும் அதே அறிகுறிகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள், ஆனால் தாங்கள் சொன்னது சரி என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்கு அதிகமாக இருந்தது, காரணங்களும் நிறைய அடுக்கினார்கள். எனக்குப் பயமே இந்த இடத்தில்தான். தெரியாது என்று தெரிந்தவர் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்பார். தெரியும் என்று நினைக்கிறவர் கேட்கவே மாட்டார்.

எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் வந்திருந்தார். வேலை பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் நன்றாகப் பதில் சொன்னவர், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றதும் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்ட ஆரம்பித்தார். உள்ளங்கையை முழங்கால் பக்கம் துடைத்தார், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார், காதோரம் வியர்வை. மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை, கேட்டதற்கு நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பதுதான் அவர் சொன்ன பதில். என் பக்கத்தில் இருந்தவர் மதிப்பெண் தாளில் 'எதையோ மறைக்கிறார்' என்று எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டார். நான் வங்கிக் கணக்கு விவரம் இருக்கிறதா என்று கேட்டேன். போனிலேயே எடுத்துக் காட்டினார், அவர் சொன்ன மாதங்களில் சம்பள வரவு என்று ஒன்றுமே இல்லை. அந்த மனிதருக்கு வியர்த்தது அவமானத்தில். கேட்டும் கிடைக்காத சம்பளத்தைப் பற்றி முன்பின் தெரியாத நான்கு பேர் முன்னால் சொல்ல யாருக்குத்தான் நாக்கு கூசாது? அதே நாளில் இன்னொருவர், கைகுலுக்கல், புன்னகை, பார்வை எல்லாம் கனகச்சிதம், அடிக்கோடு போட்டவர் அசந்துபோய்விட்டார். பிறகு சரிபார்த்தபோது அவருடைய அனுபவச் சான்றிதழே போலி.

காரணம் எளிமையானது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்கும், உண்மையைச் சொல்லியும் நம்ப மாட்டார்களோ என்ற பயத்துக்கும் உடம்பு வேறு வேறு வேலை செய்வதில்லை. இரண்டிலும் இதயம் படபடக்கும், வாய் உலரும், கை வியர்க்கும். பொய் கண்டறியும் கருவி என்று சொல்கிறார்களே, அது அளப்பதும் இந்த மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், வியர்வையைத்தான், பொய்யை அல்ல. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்குள் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-இலும் 1991-இலும் அந்தச் சோதனையில் தேறியவர். 1994-இல் கைதான பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

முகத்தைப் பார்த்துத் தப்புக்கணக்கு போட்ட கதைகள் என்று எடுத்தால் சேம்பர்லின் என்ற பெயரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் அப்படி ஏமாந்தவர், இன்னொருவர் அதற்குப் பலியானவர், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். பிரிட்டன் பிரதமர் நெவில் சேம்பர்லின் 1938 செப்டம்பரில் ஹிட்லரை நேரில் சந்தித்துவிட்டு, வாக்குக் கொடுத்தால் நம்பக்கூடிய மனிதர் என்ற எண்ணம் வந்தது என்று தங்கைக்குக் கடிதம் எழுதினார். அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லின். 1980 ஆகஸ்டில் உலுரு பாறைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தபோது ஒன்பது வாரக் கைக்குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்று அவர் கதறியதை ஊர் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை? தொலைக்காட்சியில் அவர் அழவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவள் இப்படியா நிதானமாக விளக்கம் கொடுப்பாள், நெஞ்சழுத்தக்காரி என்று பேச்சு. அரைகுறைத் தடயவியலும் சேர்ந்துகொண்டது, 1982-இல் ஆயுள் தண்டனை. 1986-இல் குழந்தையின் மேல்சட்டை டிங்கோக்கள் வாழும் இடத்துக்கு அருகே கிடைத்த பிறகுதான் விடுதலை, 1988-இல் தீர்ப்பு ரத்து. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2012-இல் எழுதிக் கொடுத்தார். 32 வருடம். துக்கம் வந்தால் ஒருவர் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் முடிவு செய்து வைத்திருந்ததற்கு அந்த அம்மா கொடுத்த விலை.

பொய்யை விடுங்கள், உணர்ச்சியையாவது முகம் சரியாகச் சொல்கிறதா என்றால் அதுவும் ஓரளவுக்குத்தான். கோபம் வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள் என்று நினைக்கிறோம். லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து பேர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து 2019-இல் எழுதியபடி, கோபத்தில் முகம் சுளிப்பது சராசரியாக 30 சதவீதம் தடவைதான். மற்ற நேரங்களில் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த சோதனை 2012-இல் வந்தது. டென்னிஸ் வீரர்கள் முக்கியமான புள்ளியை வென்றபோதும் தோற்றபோதும் எடுத்த படங்களைக் காட்டி, யார் ஜெயித்தவர் என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. உடம்பை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், முழுப் படத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னவர்களும் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உங்கள் கட்டுரையில் வந்த அந்த 93 சதவீதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி குரலும் முகமும் என்பது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் ஒற்றை வார்த்தைகளையும் சில முகப் படங்களையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. பேசுகிறவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு, எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்கலாம். உடல்மொழி ஒன்றுக்கும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகத் தெரிந்த ஒருவர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ஏதோ சரியில்லை என்று புரியத்தான் செய்கிறது, அதுவும் குறிப்பிட்ட ஒரு பேச்சு எடுத்தவுடன் மாறினால். ஆனால் முதல் தடவை பார்க்கிறவரிடம் எது வழக்கம் என்றே நமக்குத் தெரியாதே. இயல்பிலேயே கூச்சம் உள்ளவர், ஆட்டிசம் உள்ளவர், பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர் எல்லாரும் உங்கள் பட்டியலில் பொய்யர்களாகிவிடுவார்கள். கையைக் கட்டிக்கொண்டவருக்கு ஏசி குளிராகவும் இருக்கலாம், ஐயா.

பொய்யைப் பிடிப்பது கேள்வியால்தான். சுவீடனில் போலீஸ் பயிற்சியில் இருந்தவர்களை வைத்து 2006-இல் ஒரு சோதனை நடந்தது. கையில் இருக்கும் ஆதாரத்தை எடுத்தவுடன் காட்டிவிடாமல், முதலில் அவரையே முழுக்கச் சொல்லவிட்டு, பிறகு அதோடு பொருத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கற்றவர்கள் 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், கற்காதவர்கள் 56. ஆல்டர்ட் வ்ரை என்ற ஆய்வாளர் சொல்லும் வழிகளும் இதே ரகம்: நடந்ததைக் கடைசியிலிருந்து முன்னால் சொல்லச் சொல்வது, எதிர்பாராத சின்ன விவரம் கேட்பது, உட்கார்ந்திருந்த இடத்தை வரைந்து காட்டச் சொல்வது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்கிறவர், அந்த வேலையில் முதல் நாள் எதில் தடுமாறினீர்கள் என்று கேட்டால் பொத்தாம் பொதுவாகப் பேசுவார். உண்மையில் செய்தவர் நிறுத்த மாட்டார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இதே அரைகுறை அறிகுறிகளைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து, வீடியோ இன்டர்வியூவில் முகத்தை அளந்து மதிப்பெண் போடும் மென்பொருளும் விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வேலை செய்யும் இடங்களிலும் கல்விக்கூடங்களிலும் செயற்கை நுண்ணறிவு வைத்து உணர்ச்சியைப் படிப்பதை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு 'இவர்களில் யார் பொய்யர்?' என்று புகைப்படப் போட்டி வரும் என அறிவித்திருக்கிறீர்கள். நடத்துவதென்றால் நடத்துங்கள், ஆனால் அந்த 54 சதவீதத்தைப் படங்களுக்கு மேலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். வந்த விடைகளில் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் அதற்கு அடுத்த வாரம் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்