வேஷம் கட்ட இதுதான்டா வயசு

மச்சி,

உன் மெயில் வந்துச்சு. அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதி, கொஞ்ச நாள் அவங்கள அடுப்படிப் பக்கம் விடாத, கேக்க மாட்டாங்க, நீதான் பாத்துக்கணும். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பையன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான்.

அப்புறம் அந்த போட்டோவப் பாத்துட்டு இந்த வயசுல என்னடா வேஷம்னு கேட்டியே. அது மேரிலாண்ட் ரெனைசன்ஸ் ஃபெஸ்டிவல்டா, இங்க அமெரிக்காவுல அன்னாபொலிஸ் ஊர் பக்கத்துல கிரௌன்ஸ்வில்னு ஒரு இடம், மரத்துக்கு நடுவுல எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்து கிராமத்தையே கட்டி வெச்சிருக்காங்க, 1977ல ஆரம்பிச்சது, ஆகஸ்ட் கடைசில இருந்து அக்டோபர் வரைக்கும் நடக்கும். ஒவ்வொரு சீசன்லயும் அந்த ராஜா வாழ்க்கைல வேற வேற வருஷத்த எடுத்துக்குவாங்க, ராணியும் மாறிட்டே இருப்பாங்க, அதனால போனவங்களே திரும்பத் திரும்பப் போறாங்க.

ஜீன்ஸ்ல போனா நீ வேடிக்கை பாக்குற ஆளு, அவ்ளோதான். தொளதொளன்னு ஒரு லினன் சட்டை, தோல் பெல்ட், இறகு வெச்ச தொப்பின்னு போய்ப் பாரு, முன்னப்பின்ன தெரியாதவங்க 'மை லார்ட்'னு தொப்பியக் கழட்டிக் குனிவாங்க, நாமளும் பதிலுக்குக் குனியணும், அந்த ஒரு நிமிஷத்துல கூச்சம் எல்லாம் போயிடும்டா. வாரம் பூரா மீட்டிங்ல மேனேஜர் முகத்தையே பாக்குறவனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு உனக்குப் புரியும். இடுப்புல வாள் வெச்சிருந்தா மட்டும் உறையோட சேத்துக் கட்டிருக்கணும், உருவவே முடியாத மாதிரி.

ஜௌஸ்டிங், அதான் குதிரை மேல இருந்து ஈட்டியால மோதுற ஆட்டம், அதப் பத்தி சொல்லியே ஆகணும். மேரிலாண்ட் 1962லயே அத மாநில விளையாட்டா அறிவிச்சிடுச்சு தெரியுமா. ரெண்டு குதிரை எதிரும் புதிருமா பாய்ஞ்சு வருது, நெஜ இரும்புக் கவசம், ஈட்டி கேடயத்துல மோதுற சத்தம், சிராய் சிராயா தெறிக்குது, பக்கத்துல நரைச்ச தாடியோட ஒரு தாத்தா ஏறி நின்னு அந்தக் காலத்து 'ஹுர்ரே' மாதிரி 'ஹுஸா'ன்னு கத்துறாரு, நானும் தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன். முடிஞ்சதும் வேலி ஓரமா குதிரையத் தொட்டுப் பாக்க வரிசை, குழந்தைங்களவிடப் பெரியவங்கதான் அதிகம்.

இந்த மாதிரி ரெனைசன்ஸ் ஃபேர் ஆரம்பிச்ச கதை எனக்கு ரொம்பப் புடிக்கும். லாஸ் ஏஞ்சலஸ்ல ஃபில்லிஸ் பேட்டர்சன்னு ஒரு டீச்சர் வீட்டுக் கொல்லையில குழந்தைங்களுக்கு நாடகம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க, அது வளந்து 1963ல கேபிஎஃப்கே ரேடியோவுக்கு நிதி திரட்ட ஒரு சந்தையா நடந்துச்சு, அதுல இருந்துதான் இன்னிக்கு அமெரிக்கா முழுக்க இத்தன ஃபேரும். குழந்தைங்க ஆட்டத்தப் பெரியவங்க கையில எடுத்து அறுபது வருஷமா விடாம ஆடுறாங்கடா, அத நெனச்சாலே சந்தோஷமா இருக்கு.

நீ அடுத்த வருஷம் பொண்ணு வீட்டுக்கு வரேன்னியே, செப்டம்பர்ல வா, அக்டோபர்ல கூட்டம் தாங்காது. வான்கோழிக் கால் ஒண்ணு வாங்கினா ரெண்டு பேருக்குப் போதும், 'மீட்'னு தேன்ல செஞ்ச ஒயின் ஆளுக்கு ஒரு கிளாஸ். உன் தோள் அளவும் இடுப்பு அளவும் அனுப்பு, சட்டை இவளே தச்சிடுறேன்னு சொல்றா.

உன் நண்பன்