தம்பூரா கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு நன்றி

பாட்டும் வயலினும் மிருதங்கமும் நிறைந்த வீட்டில், எதுவும் கைவராத பிள்ளையிடம், பாட்டுக்குச் சுருதி தரும் தம்பூராவைக் கொடுத்துவிடுவார்கள். மேடைக்குப் பின்னால் அப்படிப்பட்ட பிள்ளைகளை உட்காரவைத்து, தன் பெயர்கூடச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு எங்கள் நன்றி.

நான்கு கம்பிகளில் நடுவில் உள்ள 2 சாரணிகளை முதலில் சட்ஜத்துக்கு, அதாவது ‘ஸ’வுக்குச் சேர்க்க வேண்டும். பிறகு ‘ப’ ஒலிக்கும் பஞ்சமக் கம்பி, கடைசியில் கீழ் ‘ஸ’ ஒலிக்கும் பித்தளை மந்தரக் கம்பி. கம்பியை முறுக்கும் பிரடையால் சுருதிக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, கம்பியில் கோத்த மணியை நகர்த்தி நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். அதன்பிறகே ஜீவா: கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல், கம்பிக்கு அடியில் வைக்கும் ஒற்றைப் பருத்தி நூல். மயிரிழை அளவாக நகர்த்தினால் ஓரிடத்தில் நாதம் விரியும். அதைத் தாண்டினால் கம்பி ஊமையாகிவிடும். பொறுமை இல்லாதவருக்கு அந்த இடம் அகப்படவே அகப்படாது.

பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். விரலின் சதையால் வருட வேண்டும், சுண்டக் கூடாது. பாட்டு வேகமெடுத்தால் விரலும் கூடவே ஓடும். பலரும் தவறுவது இங்கேதான். தம்பூராவுக்குத் தாளம் கிடையாது.

மேடை விளக்கின் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். “அது முதல்ல உன் காதுக்குத்தான் தெரியும்மா” என்பீர்கள். பாடுபவர் திரும்பிப் பார்க்குமுன் மணியைத் தொடப் பழக்கினீர்கள். எங்கிருந்தாலும் வணக்கம், அம்மா.