மழைக்குப் பயந்த கமக்காரன்

அன்பு மச்சான் தவக்கை,

கோவிக்காதை. உன்ரை ரெண்டு கடிதமும் கிடைச்சது. நேரமில்லை எண்டு சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பேல்லை. அம்மா சுகம். ராசன் பல்லுக் கட்டியிட்டான், இனி விசிலடிக்கேலாதாம்.

விசயம் இதுதான்: எனக்கு மழை பயமாக் கிடக்கு. சிரி. நாலு ஏக்கர் வயல்காரன் மழைக்குப் பயப்பிடுறான் எண்டு முரசுமோட்டையில ஆரிட்டைச் சொல்லுறது?

2016இல மழை வராமல் காலபோகம் கருக, கோயில் கோயிலா நேர்த்தி வைச்சனாங்கள். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தை உயர்த்தித் திறந்து ரெண்டு கிழமைதான், ஒரே இரவில வயலும் வீடும் ஒரு வெள்ளம். 2025 கார்த்திகையில டித்வா புயல். இப்ப ஓட்டில நாலு துளி விழுந்தால் அம்மா எழும்பிக் காணி உறுதி, அடையாள அட்டை, குளிசை எல்லாத்தையும் பைக்குள்ள போட்டு மடியில வைச்சுக்கொண்டு இருப்பா. 2009 சண்டையில மாத்தளனுக்குக் கொண்டுபோன அதே பை. போன கிழமை, "பங்கருக்கை போவமோ தம்பி" எண்டு கேட்டா. நான் ஒண்டும் சொல்லேல்லை.

மகள் கம்பசில உளவியல் படிக்கிறாளல்லோ, ஒரு சொல் சொன்னாள்: சொலஸ்டால்ஜியா. கிளென் ஆல்பிரெக்ட் எண்ட அவுஸ்திரேலியக்காரர் நிலக்கரி தோண்டின ஊர்ச் சனத்தைப் பாத்து உண்டாக்கினதாம். வீட்டிலயே இருந்துகொண்டு வீட்டுக்கு ஏங்கிறது. முகாமில கிடந்து ஊருக்கு அழுதமே, அது எனக்கு விளங்கும். இப்ப ஊரிலதான் இருக்கிறன், ஆனா தும்பி தாழப் பறந்தால் மழையோ புயலோ எண்டு தெரியேல்லை. அப்பு அதைப் பாத்து விதைச்ச மனுசன்.

2021இல பத்து நாட்டில பத்தாயிரம் இளம் பிள்ளையளிட்டைக் கேட்டவையாம். காலநிலையை நினைச்சுக் கடுங்கவலை எண்டு 59 வீதம் சொல்லிச்சாம். இந்தியாவைக் கேட்டிருக்கினம், எங்களைக் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் லோனைப் பற்றித்தான் சொல்லியிருப்பம்.

"ஆரோடையாவது கதையுங்கோ அப்பா" எண்டாள். தேத்தண்ணிக் கடையில பசளை விலை, நெல்லு விலைக்கு மேல ஒருத்தனும் வாய் திறக்கான். ஆனா மழை இரவில எட்டிப் பார், வாய்க்கால் வழிய ஒவ்வொரு டோர்ச்சா அசையும். எல்லாரும் தண்ணி எவ்வளவு ஏறினது எண்டு பாக்கிறாங்கள். விடிய ஒருத்தனும் போகாத மாதிரித்தான்.

அங்கை உனக்குப் பகல், இஞ்சை இரவு. ஐப்பசி பிறந்தால் இடைக்கிடை கோல் எடு. முழிச்சுத்தான் இருப்பன். காசு கேக்கமாட்டன்.

உன்ரை,
சின்னவன்