ஊர்ப் பெரியவர்களைக் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்

கிராமங்களுக்கான எச்.ஐ.வி. திட்டங்களை வகுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நிறையச் செய்கிறீர்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் கிராமத்தில் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்த பிறகு அவர் நிம்மதியாக வாழ்வாரா, ஊரை விட்டே போவாரா என்பது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. வேலை கொடுப்பதும் வீட்டில் சேர்ப்பதும் அவர்கள்தான், கர்ப்பிணியைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் தடுப்பதும்கூட. அவர்களுக்கு நாம் கொடுத்து வருவதோ எப்போதாவது ஒரு கூட்டம், கையில் ஒரு துண்டறிக்கை.

கர்ப்பிணி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குத் தொற்று இருந்து சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை முறையாக எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இது மாமியாருக்கும் கணவனுக்கும் தெரியாத வீட்டில், அந்தப் பெண் மாத்திரையை ஒளித்து வைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது, பாதி நாள் விட்டும் போகிறது. அதேபோல, மருந்தை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இவ்வளவு பெரிய நல்ல செய்தி எத்தனை ஊர்ப் பெரியவர்களின் காதுக்குப் போயிருக்கிறது?

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008இல் ஒரு வேலை தொடங்கினார்கள். மருந்தகம் வெகு தூரம், போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் தொற்றுள்ளவர்களே ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருவர் போய் எல்லோருக்கும் மாத்திரை வாங்கி வருவார், அடுத்த முறை வேறொருவர், அப்படி முறை வரும்போது அவரவர் உடல்நிலையையும் மருத்துவரிடம் காட்டிக்கொள்வார்கள். சாதாரண கிராமத்து ஆட்களால் முடிந்தது இது! தொற்றுள்ளவர்கள் திட்டம் போடும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று 1994லேயே பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அவர்களையும் மற்றப் பெரியவர்களையும் திட்டத்தின் வரைவு எழுதும்போதே உட்கார வையுங்கள், எல்லாம் முடிந்தபின் கைதட்டக் கூப்பிடாதீர்கள்.

பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தொற்றுள்ளவர்களுக்குத் துணையாக அனுப்பலாம் என்பதுதான் என் யோசனை. ஆனால் எனக்கு உள்ளூரப் பயமும் உண்டு. கிராமத்தில் ரகசியம் நிற்காது. யார் எந்த வண்டியில் எங்கே போனார் என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரே வெளியில் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் தாங்காது. ஆகவே யார் தனக்குத் துணை என்பதைத் தொற்றுள்ளவரே தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தக் கூடாது. பெயர் எழுதிய பட்டியல் எந்தத் தலைவர் கைக்கும் போகக் கூடாது. எச்.ஐ.வி. என்று பெரிதாக எழுதிய வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கவும் வேண்டாம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாமிலேயே இந்தப் பரிசோதனையையும் சேர்த்துவிடுங்கள். பயிற்சியில் பாதி நேரம் ரகசியம் காக்கப் பழக்குவதற்கே போனாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம், காசு. சேவை என்று சொல்லி வயதான பெண்களை இலவசமாக அலையவிடுவது நியாயமே இல்லை. சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது.

அடுத்த திட்டத்தை எழுதும்போது கிராமத்துப் பெரியவர்களின் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்பதை ஊர்க்கூட்டத்தில் வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.