அலுவலகக் கணினியில் சொந்தக் கோப்பு

ஆசிரியருக்கு வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சுற்றுவட்டார நடுகற்களைப் படமெடுத்து ஊர்வாரியாகத் தொகுப்பது என் சொந்த வேலை. அந்தக் கோப்புகளை அலுவலகக் கணினியில்தான் வைத்திருந்தேன். "ஃபோல்டரை ஹிட்டன் ஆக்கிடுங்க சார், யாருக்கும் தெரியாது" என்கிறார் பக்கத்து மேசைத் தம்பி. கோப்புச் சாளரத்தின் 'வியூ'வில் ஒரு டிக் போட்டால் அது பல்லிளித்துவிடும்! பிட்லாக்கர் (வட்டையே பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டாலும், நிறுவனக் கணினியில் அதைத் திறக்கும் மீட்புச் சாவி பெரும்பாலும் நிர்வாகியிடம்தான் இருக்கும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்ததே பொதுவாக முதலாளிக்குச் சேரும். என் நடுகல் தொகுப்பு எனக்குத்தான். சரி, ஆனால் கணினி அவருடையதாயிற்றே. அதனால் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக்கொண்டேன். எதையெல்லாம் கண்காணிப்பார்கள் என்பதை நிறுவனங்கள் நியமன ஆணையிலேயே எழுதித் தரட்டும்.

- ஒரு கணக்கர், காவேரிப்பட்டினம்