சண்முகத்துக்கு, லென்ஸ் பாடம் பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் நீ அனுப்பிய ஃபைல்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்துவிட்டாள். உன்னிடம் ஒரு வருஷமாவது படித்திருக்கலாம் என்று எனக்கு ஏக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்ட பிறகு, சிடியில் இருக்கும் ஃப்ளாஷ் பாடங்களை (மவுஸால் இழுத்துப் பார்க்கிற பழைய அசைபடப் பாடங்கள்) பிரவுசரில் திறந்தால் பாடம் வர வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது, 'ஃப்ளாஷ் பிளக்-இன் நிறுவவும்' என்று மட்டும் வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வாக்கியம் இப்போதைய ஃபயர்பாக்ஸ் பிரவுசர் சொல்வது அல்ல. பிளக்-இன், அதாவது பிரவுசரோடு சேர்ந்து ஓடும் துணை நிரல், இல்லாதவர்களுக்காக அந்தக் காலத்தில் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்தது. அதை நம்பித் தேடாதே. தேடினால் கிடைக்கும் 'ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட்' எதையும் தொடாதே. அந்தப் பெயரில் உலவுவது பெரும்பாலும் வைரஸ்தான்.

லினக்ஸில் நமக்குப் பழக்கமான வைத்தியம் உனக்கு நினைவிருக்கும். ஃப்ளாஷின் ஒற்றை ஃபைலை மொசில்லாவின் பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டு ஃபயர்பாக்ஸை மூடித் திறப்போம். இப்போது அதைச் செய்து பயனில்லை. 2017 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 52, ஃப்ளாஷைத் தவிர ஜாவா, சில்வர்லைட் போன்ற மற்ற பிளக்-இன்கள் எல்லாவற்றுக்கும் கதவை மூடிவிட்டது. 2021 ஜனவரியில் 85-ஆம் பதிப்பு ஃப்ளாஷையும் எடுத்துவிட்டது. ஃப்ளாஷை வெளியிட்ட அடோபி நிறுவனமும் 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷைக் கைவிட்டது. பழைய ஃபயர்பாக்ஸைத் தேடிப் போட்டால் ஓடாதா என்று கேட்பாய். கடைசியாக வந்த பிளக்-இன்களுக்குள்ளேயே தேதி பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது, 2021 ஜனவரி 12-க்குப் பிறகு அவையே எதையும் ஓட்ட மறுத்துவிடும். அதற்கும் முந்தைய பிளக்-இன் ஓடலாம்தான், ஆனால் அத்தனை பாதுகாப்பு ஓட்டைகளோடு அதை இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டரில் வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் காணாமல் போனது ஓட்டும் கருவிதான், பாடங்கள் முழுசாக உன்னிடம் இருக்கின்றன. அவற்றை ஓட்ட ரஃபிள் என்று ஒரு சுதந்திர மென்பொருள் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதியது, அடோபியின் நிரல் ஒரு வரிகூட அதில் இல்லை. ஃபயர்பாக்ஸ் நீட்சியாகவும் கிடைக்கிறது, ஆனால் உனக்கு டெஸ்க்டாப் பதிப்பு போதும். ரஃபிளின் தளத்தில் லினக்ஸுக்கான டார் ஃபைலை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டியது) இறக்கி, விரித்து, உள்ளே இருக்கும் ரஃபிளை ஓட்டு. எந்த ஃபைல் என்று கேட்கும், காட்டினால் முடிந்தது. நிறுவும் வேலையே இல்லை.

அதற்கு முன் ஒரு சோதனை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலில் 'ஃபைல்' என்றே ஒரு கட்டளை உண்டு; அதோடு பாடத்தின் பெயரைக் கொடுத்தால் 'மேக்ரோமீடியா ஃப்ளாஷ்' என்றும் பதிப்பு எண்ணும் சொல்லும். எண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கவலை வேண்டாம், அவை ஃப்ளாஷின் நிரல் மொழியான பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுதியவை, ரஃபிள் அவற்றை நன்றாகவே ஓட்டும். 9-இலிருந்து ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 இருக்கக்கூடும். அதில் ரஃபிளின் வேலை இன்னும் முழுமையாகவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உன் குவிலென்ஸ் பாடம் பதிப்பு 7. என் லேப்டாப்பில் போட்டதும் ஓடியது. மெழுகுவர்த்தியை மவுஸால் இழுத்து லென்ஸை நோக்கி நகர்த்தினேன். தலைகீழ் பிம்பம் பெரிதாகிக்கொண்டே தள்ளிப் போயிற்று. வர்த்தி குவியத்தில் நின்றதும் கதிர்கள் இணையாகி, பிம்பம் மறைந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் வர்த்தி இருக்கும் பக்கத்திலேயே நேராக, பெரிதாக மாய பிம்பம்! இதைக் கையால் இழுத்துப் பார்க்கிற பிள்ளைக்கு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பாடங்களைச் செய்த உங்கள் ஆசிரியரின் உழைப்பு வீணாகக் கூடாது, சண்முகம்.

இரண்டு இடங்களில் நீ தடுமாறலாம். ஒன்று, பாடங்களின் பட்டியல் உள்ள முகப்பு திறக்கும், ஆனால் பாடத்தின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. முகப்பு சிறிய எழுத்தில் கேட்கிற ஃபைல், சிடியில் பெரிய எழுத்தில் இருந்தால் கிடைக்காது. பெயரை மாற்றினால் சரியாகும். எல்லா ஃபைல்களும் சிடியில் இருந்த அதே அமைப்பில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், ரஃபிள் அதைப் படிக்க அனுமதி கேட்டால் கொடு.

இன்னொன்று தமிழ் எழுத்து. உன் ஒளிவிலகல் பாடத்தில் 'படுகோணம்' வர வேண்டிய இடத்தில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளாக வருகிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் டாப், டாம் மாதிரியான குறியேற்றங்களில் (எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்குள் எண்களாக வைக்கும் முறைகளில்) எழுதியதன் விளைவு இது. ஃபான்டை ஃபைலுக்குள் பதித்திருந்தால் தமிழ் அப்படியே தெரியும், லென்ஸ் பாடம் அப்படித்தான் தெரிகிறது. பதிக்காமல் விட்டவற்றுக்கு அந்தப் பழைய ஃபான்டை உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார். அதுவும் ஆகாவிட்டால் மூல ஃபைல் வேண்டும். அந்த ஆசிரியர் ஓய்வுபெற்று எங்கே இருக்கிறார்? அவரிடம் எஃப்.எல்.ஏ. என்ற அந்தப் பழைய மூல ஃபைல்கள் இருக்கின்றனவா என்று கேள். கிடைத்தால் எழுத்துகளைத் திருத்தலாம், அப்புறம் எந்த பிரவுசரிலும் ஓடுகிற மாதிரி மாற்றி எழுதவும் என் மகள் உதவுவாள், அவளுக்கு அதில் ஆசை இருக்கிறது.

எதற்கும் முன்னால் சிடியில் உள்ளதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வை. பொங்கலுக்கு வருகிறோம், லேப்டாப்பையும் கொண்டு வருகிறேன், மீதி பாடங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி