வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது வெறும் அறிவுரையாக இருந்ததால் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மகன் ஏழு வாரங்களாகப் பள்ளிக்குப் போகவில்லை, அறையை விட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது, அவன் குரலை இந்த ஆண்டு முழுவதும் கேட்டதே இல்லை என்று வகுப்பாசிரியர் சொல்கிறார் என்றெல்லாம் எழுதிவிட்டு, "எல்லாம் அடம், வேறொன்றுமில்லை" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அதே வரியை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது நடந்தபோது இதே நிலை எங்கள் வீட்டிலும் வந்தது. வெட்கத்தால் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. சீருடையைத் தானே அணிந்து, பையை மாட்டிக்கொண்டு, ஒரு காலில் காலணியும் மற்றொன்று கையிலுமாக வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். அழுகை கிடையாது, வாக்குவாதம் கிடையாது. கேட்டால் வயிறு வலிக்கிறது என்பாள். விடுமுறை நாள்களில் அந்த வலி வராததால் அது பொய் என்று முடிவு கட்டினேன். பரிசோதித்த மருத்துவரோ, உடலில் நோய் எதுவும் இல்லை, ஆனால் வலி உண்மை என்றார். அச்சம் மூண்டால் குடலின் இயக்கமே மாறிவிடும் என்று விளக்கினார். தேர்வு நாள் காலையில் நாம் இருவரும் கழிப்பறைக்கு ஓடிய கதையை நினைத்துப் பார், அவர் சொன்னது புரியும். எதற்கும் உன் மகனையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடு. பார்வையையும் செவியையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்.

வகுப்பைத் தவிர்த்துவிட்டு எங்கோ சுற்றும் பிள்ளை அதைப் பெற்றோரிடம் மறைக்கும்; உன் மகன் உன் கண்ணெதிரே வீட்டிலேயே இருக்கிறான். இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1941இல் அடிலெய்ட் ஜான்சன் என்ற மனநல மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குப் பள்ளி அச்சம் என்று பெயரிட்டார்கள். பயப்படுவது எப்போதும் பள்ளிக்குத்தானா என்ற ஐயத்தால், பள்ளி மறுப்பு என்று சொல்வதே இன்று பரவலான வழக்கம். வீட்டில் பேசும் பிள்ளை வெளியே சில இடங்களில் மட்டும் வாய் திறக்க முடியாமல் போகும் நிலைக்கும் இப்படி ஒரு பெயர்க் கதை உண்டு. 1934இல் மோரிட்ஸ் டிராமர் என்ற மருத்துவர் வைத்த பெயரில், பிள்ளை தானாக விரும்பியே பேச மறுக்கிறது என்ற தொனி இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டில் 1994இல் அந்தப் பெயரை மாற்றியது. 2013இல் வந்த பதிப்பில் அந்த நிலையைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்துவிட்டது. அடம் என்ற சொல்லைக் கைவிட அறிஞர்களுக்கே அறுபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. நீ ஏழு வாரத்தில் விட்டுவிட்டால் போதும்.

எங்கள் பெரிய தவறு, காரணத்தை நாங்களே ஊகித்துக்கொண்டதுதான். கணக்குப் பாடத்துக்குப் பயப்படுகிறாள் என்று நம்பி இரண்டு மாதங்கள் மாலைதோறும் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஏன் போக மாட்டாய்?" என்று நூறு முறை கேட்டேன். ஒதுங்கிப் போன பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஒரு குறுக்கு விசாரணை. பல நேரங்களில் விடை அதற்கே தெரியாது. ஆலோசகர் ஒருவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு தாளையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, பள்ளியின் வரைபடத்தைப் போடச் சொன்னார். பிடித்த இடத்துக்குப் பச்சை, பிடிக்காத இடத்துக்குக் கறுப்பு. வகுப்பறை பச்சையாக வந்தது. கணக்கு ஆசிரியர் நிற்கும் இடமும் பச்சைதான். மதிய உணவுக் கூடத்தையும் அங்கிருந்து கழிப்பறைக்குப் போகும் நடையையும் மட்டும், பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்திக் கறுப்பாக்கியிருந்தாள். யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாத அந்த நாற்பது நிமிடங்களுக்காகத்தான் ஒரு நாள் முழுவதையும் அவள் தவிர்த்து வந்திருக்கிறாள்.

இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் கிறிஸ்டபர் கியர்னி, பிள்ளை எதைத் தவிர்க்கிறது என்பதோடு எதைப் பெறுகிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறார். இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கலக்கத்திலிருந்து தப்பிப்பது, பிறர் முன் பேசுவதிலிருந்தும் மதிப்பிடப்படுவதிலிருந்தும் தப்பிப்பது, பெற்றோரின் அருகிலேயே இருப்பது, வெளியே கிடைக்கும் இன்பங்கள் என நான்கு வகை அவர் கணக்கு. ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கலாம். எது என்று தெரியாமல் மருந்து தேடினால், நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த கதைதான்.

இன்றைக்கு வீட்டிலேயே இரு என்று சொன்னதும் அவன் முகம் தெளிவதைப் பார்த்திருப்பாய். அந்த நிம்மதியில்தான் சிக்கல் இருக்கிறது: தவிர்த்ததால் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது, மறுநாள் அச்சம் இன்னும் ஒரு பிடி கூடுகிறது. ஆகவே காலம் கனியட்டும் என்று காத்திருப்பதும் உதவாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதும் உதவாது. நான் இழுத்தும் பார்த்தேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்ததை மாலையில் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டேன்.

அவள் திரும்பியது படிப்படியாகத்தான். முதலில் ஒரு விடுமுறை நாளில், பூட்டிய வாயிற்கதவு வரை நடந்துவிட்டு வந்தோம். பிறகு மாலையில், எல்லாரும் போன பின் ஆசிரியரைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்து முதல் பாடவேளை மட்டும், பிறகு உணவு இடைவேளைக்கு முந்தைய மணி வரை. உணவு நேரத்தை நூலகத்தில் இன்னொரு பெண்ணோடு கழிக்கலாம் என்று ஆசிரியர் ஏற்பாடு செய்த பின்புதான் முழு நாள் சாத்தியமாயிற்று. தலைமை ஆசிரியர் இதற்கெல்லாம் எளிதில் இணங்கவில்லை. ஒரு பிள்ளைக்காக விதியை வளைக்க முடியாது என்றார். நான் மூன்று முறை போய் நிற்க வேண்டியிருந்தது. நீயும் நிற்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பிறகும் இரண்டு படி சறுக்கியது. மூன்றாவது முறை சறுக்கியபோதுதான், அது வழக்கமான சறுக்கல் என்று எனக்கு உறைத்தது.

உன் மகனை அங்கே யாராவது அடித்தோ கேலி செய்தோ வதைக்கிறார்கள் என்றால் மட்டும் இந்தப் படிகளைத் தொடங்காதே. முதலில் பள்ளி அதை நிறுத்த வேண்டும்; அதுவரை அவனைத் துணிந்து போ என்று சொல்வது அநியாயம். உண்ணாமலும் உறங்காமலும் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு சொல் வந்தாலோ, மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போ.

வீட்டில் இருக்கும் நாள்களிலும் அவன் வழக்கமான நேரத்துக்கே எழட்டும். பள்ளி நேரத்தில் தொலைபேசித் திரையை அணைத்து வை. அதைத் தண்டனையாக அறிவிக்காமல், அந்நேரத்தின் இயல்பாக வைத்துக்கொள். காலையில் உன் குரலையும் கொஞ்சம் கவனி. இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லும் உறவினர்களுக்குப் பதில் சொல்லாமல் தேநீர் மட்டும் கொடு.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய். எதையும் கேட்காமல் அவன் அறையில் தரையில் உட்கார்ந்து, நாம் படித்த பள்ளியை ஒரு தாளில் வரை. அந்த மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம் உனக்கு எந்த நிறம் என்று எனக்குத் தெரியும். அதை அவன் பார்க்கும்படி கறுப்பாகவே தீட்டு. இன்னொரு தாளும் பென்சில்களும் பக்கத்தில் கிடக்கட்டும். அவன் எடுத்தானா என்று எனக்கு எழுது, எடுக்காவிட்டாலும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்